மூன்று நொடி வெயில்

எந்த எந்திரத்தைக் கண்டாலும் முதலில் திறந்துவிடுவது, பிறகு யோசிப்பது. லிப்ட் மெக்கானிக்கான தம்பிக்கு அதுதான் வழக்கம். வேலையில் அந்தக் கை அவனுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்திருந்தது. வீட்டில் ஒரு மிக்சியையும் இரண்டு கடிகாரங்களையும் காவு வாங்கியிருந்தது.

அன்று காலை பதினோரு மணிக்கு, பால்கனியில் நின்றபடி, அத்தானின் கேமராவைத் திறந்தான்.

காரணம் நல்லதுதான். அக்காவும் மூன்று நாள் குழந்தையும் மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். வாசலிலேயே படம் எடுக்க வேண்டும் என்று புது பிலிம் ரோல் வாங்கி வந்திருந்தான். பின்மூடி திறந்ததும் உள்ளே பழுப்பு நிறத்தில் பிலிம் நீண்டு கிடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம்தான் மூடினான்.

"என்ன பண்ற?" என்றார் பின்னால் வந்த அத்தான். மருந்துக்கடைக்காரர். அதிகம் பேசமாட்டார்.

"உள்ள பிலிம் இருக்கான்னு பார்த்தேன் அத்தான்."

"இருக்கா?"

"இருந்துச்சு."

அத்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளிச்சம் பட்டாலே அழிந்துவிடும் அந்த ரோலில் ஒன்பது படங்கள் இருந்தன. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை, அக்கா அதே பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு பால்கனிக் கதவருகே பக்கவாட்டில் நிற்பாள். அத்தான் ஒரே ஒரு படம் எடுப்பார். மாதத்துக்கு ஒன்று, வயிறு வளர வளர. இதற்கு முன் இரண்டு முறை அவள் கருவுற்று, இரண்டு முறையும் நான்காம் மாதத்தைப் பார்க்கவில்லை. அதனால் இந்த முறை எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னாள். "இனி அவளை மறுபடி முதல் மாசத்துலேருந்து நிக்கச் சொல்லு."

அக்கா வந்தாள். சொன்னார்கள். வீடே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, பரவாயில்ல தம்பி. தெரியாமத்தானே பண்ணுன," என்றாள்.

பிறந்ததிலிருந்து அவனை அவள் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை. துரை என்பாள், ஸ்க்ரூ என்பாள், நல்ல நாளில் எருமை என்பாள். பிள்ளையை நீட்டி, "கொஞ்சம் பிடிக்கிறியாப்பா?" என்று கேட்டபோது, யாரோ பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவது போலிருந்தது.

இரண்டு நாள் அந்த மரியாதையைத் தாங்கினான். மூன்றாம் நாள் கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு போட்டோ லேபுக்கு ஓடினான்.

லேபை நடத்தும் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு முழுக் கதையையும் கேட்டார்.

"நிழல்ல திறந்தீங்களா, வெயில்லயா?"

"வெயில்ல."

"நல்லா காய வச்சிருக்கீங்க."

"ஒண்ணாவது தேறுமா மேடம்?"

"சாதாரணக் கேமரான்னா, எடுத்த படமெல்லாம் டப்பாவை விட்டு வெளிய வந்து எதிர்ப்பக்கம் சுத்திக்கிட்டிருக்கும். திறந்தா அதுங்கதான் முதல்ல போகும்." துணியைப் பிரித்துக் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். "திறக்குறதுக்கு முன்னாடி நம்பர் எவ்வளவு காட்டுச்சு? அதையாவது பார்த்தீங்களா?"

எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதன் மீட்டரில் கண் போவது அவன் தொழில் பழக்கம். "இருபத்தேழு."

"எடுத்தது எத்தனை?"

"ஒன்பதுதான்."

"கூட்டுங்க."

"முப்பத்தாறு," என்றான். சொன்ன பிறகும் அவனுக்கு விளங்கவில்லை.

"இது எண்ணிக்கையைக் குறைச்சுக்கிட்டே வர்ற கேமரா. பிலிமைப் போட்டதும் மொத்தத்தையும் முதல்லயே வெளிய இழுத்து வச்சுக்கும். ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் அதைத் திரும்ப டப்பாக்குள்ள தள்ளிடும். எடுத்ததெல்லாம் பத்திரமா உள்ள இருக்கும். நீங்க வெயில் காட்டுனது இன்னும் எடுக்காத படங்களுக்கு."

அவன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க. கடைசியா எடுத்தது டப்பா வாய்ல நின்னிருக்கும். அதுக்கு நான் பொறுப்பில்ல. நீங்கதான்."

சாயங்காலம் வரச் சொன்னார். அவன் போகவில்லை, அங்கேயே நின்றான். "நின்னா சீக்கிரம் கழுவுமா?" என்று அவர் கேட்டதற்கு, உட்கார்ந்தான். நான்கு மணிக்குப் படங்களை உறையில் போட்டு, வாயை ஒட்டி நீட்டினார்.

"எத்தனை வந்திருக்கு மேடம்?"

"வீட்டுல போய்ப் பாருங்க. ஆனா நீங்க திறக்காதீங்க. உங்க கைராசி எனக்குத் தெரியும்."

அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்து, தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். உறையை நீட்டினான். ஒரு கையாலேயே கிழித்தாள். அத்தான் கட்டிலோரம் வந்து நின்றார்.

முதல் படம். இரண்டாவது. மூன்றாவது. எல்லாம் தெளிவாக இருந்தன. நான்காவதில் நின்றுவிட்டாள். குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கையும் நின்றது. அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி தன் கால்விரல்களைப் பார்த்தான்.

ஐந்தாவதை எடுத்தவள் கண்ணருகே கொண்டுபோனாள். திரும்ப ஒன்றாவதைப் பார்த்தாள். ஆறு, ஏழு, எட்டு என்று வேகமாகத் தள்ளினாள்.

"என்னங்க, இது என்ன பாருங்க."

அவள் நின்ற கதவுக்குப் பின்னால் கூடம் தெரிந்தது. கூடத்தில் சோபா. சோபாவின் கைப்பிடிக்கு மேல், எட்டுப் படத்திலும், இரண்டு வெறும் பாதங்கள். படம் எடுத்தபோது அத்தான் அவளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை போலும்.

"நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்திருந்தேன்கா," என்றான் தம்பி.

"எட்டு மாசமுமா?"

"மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைதானே எடுத்தீங்க."

ஒன்பதாவது படத்தின் ஒரு பக்கம் வெள்ளையாக எரிந்திருந்தது. கதவின் பாதியும் சோபாவும் போய்விட்டன. பச்சைப் புடவையும் வயிறும் வயிற்றின் மேல் அவள் வைத்த கையும் முழுசாக இருந்தன. அதை அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"துரை கெட்டிக்காரன்," என்றாள் கடைசியில். "கடைசி மாசத்துக்கு மட்டும் சாட்சி இல்லாம பண்ணிட்டான்."

பிறகு எட்டாம் மாதத்துப் படத்தைக் குழந்தையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அது கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"பாருடி, உன் மாமா. நிக்க வச்சது என்னை. பெட் ரெஸ்ட் எடுத்தது இந்த எருமை."

அவள் இன்னும் ஏதாவது திட்டட்டும் என்று தம்பி அங்கேயே நின்றான்.