மண்ணு மிஸ்ஸும் கருந்திரியும்

பள்ளி வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் பைரோஜா இரண்டு தடவை படித்தாள். 'சர்வதேசச் சிற்பி பைரோஜா அவர்கள் நடத்தும் மாபெரும் மண்சிற்பப் பயிற்சிப் பட்டறை' என்று போட்டிருந்தது. அவள் கடல் தாண்டியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, பெரியம்மா மகள் கல்யாணத்துக்குக் கொழும்பு போனபோது. அங்கேயும் மூன்று நாளும் பந்தியில் தண்ணீர் ஊற்றியதோடு சரி. ஃபிளெக்ஸில் அவள் பெயருக்கு ஒரு சாண் இடம் கொடுத்திருந்தார்கள். மீதி எட்டடியிலும் பள்ளித் தாளாளர் சீனிவாசகம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சீனிவாசகத்தை ஊரில் எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி, சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி யூனிட், அப்பா பெயரில் இந்தத் தொடக்கப் பள்ளி. பிள்ளைகளில் பாதிப்பேர் கம்பெனி ஆட்களின் பிள்ளைகள். குழந்தைத் தொழிலாளர் இல்லாத நிறுவனம் என்று அவர் வாங்கிய கேடயங்களில் இரண்டு, அறையில் இடம் போதாமல், கழிப்பறைக் கதவுக்கு மேலே போயிருந்தன. ஒவ்வொரு கேடயத்தை வாங்கியபோதும் பேசிய பேச்சு அவருக்கு மனப்பாடம். கேட்க ஆள் கிடைத்தால் திரும்பவும் பேசுவார்.

பைரோஜாவுக்கு விருதுநகர். கும்பகோணத்தில் சிற்பம் படித்தவள். பருப்பு வியாபாரம் செய்கிற வீட்டில், "அஞ்சு வருசம் படிச்சிட்டு இப்பவும் மண்ணுதான பிசையுத" என்று கேட்டுக் கேட்டு அவர்களே சலித்துவிட்டார்கள். இது அவளுக்குப் பன்னிரண்டாவது பள்ளி. இதற்கு முந்தைய பதினொன்றிலும் ஒரு பிள்ளைகூடத் தான் செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்குக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார்கள். கபடிக் கோப்பை வந்ததும் மண் பொம்மைகள் கொல்லைக்குப் போயின. இன்னொன்றில் வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று நினைவுப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். செய்த பிள்ளைகள் வரிசையில் நின்று கைதட்டினார்கள்.

அதனால் இந்தத் தடவை முதலிலேயே கேட்டுவிட்டாள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்கவங்க செஞ்சதை அவங்கவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். ஷோகேஸ் வேண்டாம்."

"தாராளமா. மண்ணுதானம்மா, அதை வச்சு நான் என்ன செய்யப்போறேன்" என்றார் அண்ணாச்சி.

அந்த வார்த்தையை நம்பித்தான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேருக்கும் அவள் வாக்குக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை ஒரு மணி நேர வகுப்பில் அண்ணாச்சி நாற்பது நிமிடம் பேசினார். பிறகு புகைப்படத்துக்காக மண்ணில் ஒரு விரலை வைத்தார். அந்த விரலைத் துடைக்க மூன்று பேர் ஓடினார்கள். மிச்சமிருந்த இருபது நிமிடத்தில் பைரோஜா வேலையைத் தொடங்கினாள்.

கண்மாயில் எடுத்துச் சலித்த களிமண், நல்ல கறுப்பு. அதை உள்ளங்கையால் நீளமாக உருட்ட வேண்டும். அப்படி உருட்டியதை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசினால் பானையோ யானையோ, எதை வேண்டுமானாலும் எழுப்பலாம். உருட்டிய நீள மண்ணுக்குக் கல்லூரியில் அவர்கள் சொன்ன பெயர் திரி. அவளும் பழக்கத்தில், "எல்லாரும் திரி உருட்டுங்க" என்றாள்.

சிவகாசியில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் நின்றே வந்த அலுப்பு. ஒரு பையன், "மிஸ், எம்புட்டு நீளம், நாலு இஞ்சா ஆறு இஞ்சா" என்று கேட்டபோதாவது தோன்றியிருக்கலாம். மற்ற ஊர்களில் பிள்ளைகளுக்குத் திரி ஒழுங்காக வர இரண்டு நாள் ஆகும். இங்கே ஐந்து நிமிடத்தில் அத்தனையும் ஒரே அளவில் வந்து விழுந்தன. அவள் அதைத் தன் கற்பிக்கும் திறமை என்று எடுத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் அவளுக்கு மண்ணு மிஸ் என்று பெயர் வைத்தார்கள். சர்வதேசச் சிற்பிக்கு இது எவ்வளவோ தேவலை.

அனுப்பிரியா என்ற சிறுமி தன் அம்மா தூங்குவதைச் செய்தாள். அம்மா செல்வலட்சுமி அண்ணாச்சியின் கம்பெனியில்தான் வேலை.

"ஏன் தூங்குறாங்க?" என்று பைரோஜா கேட்டாள்.

"எந்திரிச்சிருந்தா எங்க அம்மா ஒரு இடத்துல நிக்காது மிஸ். பாத்துச் செய்ய முடியாது."

புதன்கிழமைக்குள் முப்பத்திரண்டும் முடிந்தன. எருமை, தண்ணீர் லாரி, கழுத்து நிற்காத ஒட்டகச்சிவிங்கி, ஒருக்களித்துப் படுத்த அம்மா. எல்லாவற்றையும் மாடியில் வரிசையாகக் காயவைத்து, விரிசல் விடாமல் மெல்லக் காயட்டும் என்று ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போனாள்.

பிறகு நடந்ததெல்லாம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அன்று சாயங்காலம் செல்வலட்சுமி மகளிடம், பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறாள். மகள் பெருமையாக, "திரி உருட்டுனோம். கறுப்புத் திரி. மாடியில காயுது, நனைச்ச சாக்கு போட்டிருக்கு" என்றிருக்கிறாள்.

அந்த ஊரில் கறுப்புத் திரி என்றால் ஒன்றுதான். நூலில் வெடிமருந்து தோய்த்து, வெயிலில் உலர்த்தி, லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கிற கருந்திரி. செல்வலட்சுமி தலைமை ஆசிரியை பொன்னுத்தங்கத்துக்குப் போன் போட்டு, "எம்மக கையில திரி படக்கூடாதுன்னுதான டீச்சர் நான் உருட்டுறேன். அதையே உங்க ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கீகளா" என்று கேட்டுவிட்டு அழுதிருக்கிறாள். மறுநாள் விடிந்ததும் கம்பெனி வேனில் இருபது பெண்களுக்கு விஷயம் தெரிந்தது. அதில் யாரோ புகார் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை பைரோஜா வந்தபோது, பள்ளிக் கொல்லையில் வாட்ச்மேன் உக்கிரபாண்டி சிமெண்டுத் தொட்டிக்குள் மூங்கில் கம்பை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே கரைக்கிறீங்க?"

"மாடியில இருந்த சரக்குதான் மிஸ். ஆபீசர் வாராக, இருக்கிற திரி பூராத்தையும் தண்ணியில முக்குன்னு அண்ணாச்சி போன்ல சொன்னாக. முக்கிட்டேன்."

"எடுக்கும்போது மண்ணுன்னு தெரியலையா?"

"தெரியாம என்ன. எருமையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் கம்பெனியில இருவது வருசம் இருந்தவன் மிஸ். முக்குன்னா முக்கணும், பாத்துக்கிட்டு நிக்கப்படாது."

பைரோஜா தொட்டிக்குள் கையை விட்டாள். காய்ந்தும் காயாத மண், கைக்குள் ஒரு முதுகு மாதிரி வந்து, எடுப்பதற்குள் வழுக்கிக் கரைந்தது. யாருடைய எருமை என்று தெரியவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் எழுந்து நிற்க வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டாள்.

பதினொரு மணிக்குக் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு அதிகாரி ஹரிபிரசாத் வந்தார். பின்னாலேயே அண்ணாச்சியின் கார். இருந்த கேடயங்களிலேயே பெரியதாகப் பார்த்து ஒன்றை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அதிகாரி கேடயத்தைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் மை மாதிரி இருந்தது.

"என்ன இது?"

"மண்ணு சார். வெறும் களிமண்ணு" என்றார் அண்ணாச்சி.

"களிமண்ணை எதுக்குக் காலையிலேயே அவசரமாக் கரைச்சீங்க?"

"அது, நான் நேர்ல பாக்கல. கருந்திரின்னு நெனச்சு..."

"அப்ப உங்க ஸ்கூல் மாடியில கருந்திரி இருக்கும்னு நீங்களே நம்புனீங்க."

அண்ணாச்சி கேடயத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பேச்சில் நாற்பது நிமிடத்துக்குக் குறையாதவருக்கு அப்போது ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. சற்று நேரம் கழித்துப் பைரோஜாவை ஓரமாக அழைத்தார்.

"ஏம்மா, பிள்ளைகளை இன்னொருக்க உருட்டச் சொல்லு. ஆபீசர் கண்ணு முன்னாலயே உருட்டட்டும். ஒரு மணி நேரம் போதும்ல?"

"மூணு நாளாச் செஞ்சது அண்ணாச்சி."

"அதான் பழகியிருக்கும்ல."

இப்படியாக, பிள்ளைகள் திரி உருட்டினார்கள் என்று விசாரிக்க வந்தவருக்கு முன்னால், பிள்ளைகளைத் திரி உருட்டச் சொல்லித் தாளாளரே கெஞ்சும்படி ஆயிற்று. பைரோஜா வகுப்புக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெம்பில்லை. எல்லாம் கரைந்துபோயிற்று என்று நேராகவே சொன்னாள்.

"எங்க அம்மாவையுமா மிஸ்?" என்றாள் அனுப்பிரியா.

"ஆமாம்மா."

"தூங்கிக்கிட்டிருக்கும்போதா?"

பைரோஜா மண் சாக்கை அவிழ்த்தாள். மீதி மண்ணை எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள்.

பிள்ளைகள் உருட்டினார்கள்; உருட்டியதை அடுக்கி, கரைந்துபோனதையே மறுபடி எழுப்பத் தொடங்கினார்கள். அதிகாரி குனிந்து பார்த்தார், ஒன்றைத் தொட்டு முகர்ந்தார், சமாதானமானார். ஆனால் அறிக்கையில் எழுத ஒரு சொல் வேண்டும். திரி என்று எழுதினால் மேலே இருப்பவர்கள் திரும்பவும் அனுப்புவார்கள். பொன்னுத்தங்கம் டீச்சர் பாம்பு என்று சொல்லிப்பார்த்தார்; வனத்துறை வரும் என்றார் அதிகாரி. முறுக்கு என்றார் டீச்சர். அதைப் பிள்ளைகள் தின்றார்களா என்று கேள்வி வரும். அரை மணி நேர ஆலோசனைக்குப் பிறகு 'நீள்வடிவ மண் பண்டம்' என்று எழுதினார்கள். எழுதியவரைத் தவிர யாருக்கும் புரியாது என்பதால் எல்லாருக்கும் திருப்தி.

மணி மூன்றரை ஆகப்போனது. அதிகாரி பேனாவை மூடினார்.

"இதையெல்லாம் ஃபைல் முடியிற வரைக்கும் இங்கனயே பத்திரமா வச்சிருங்க. யாராவது வந்து கேட்டா காட்டணும்."

"ஷோகேஸ்ல வச்சிருவோம் சார்" என்றார் அண்ணாச்சி, குரல் திரும்பி வந்தவராக. "கண்ணாடி போட்டு, லைட்டு போட்டு. ஆண்டு விழாவுக்கும் ஆச்சு."

பைரோஜா இரண்டு பேரையும் பார்த்தாள். பன்னிரண்டாவது பள்ளி. நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாளை வரை இங்கே இருந்தால் எதுவும் பிள்ளைகள் கைக்குப் போகாது என்று தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"எல்லாரும் பரீட்சை அட்டையை எடுங்க. செஞ்சதை அது மேல வச்சுக்கங்க. வீட்டுக்குப் போகலாம்."

"காயலையே மிஸ்" என்றார் பொன்னுத்தங்கம்.

"வீட்டுல காயும் டீச்சர்."

"மேடம், எனக்குச் சாம்பிள் வேணுமே" என்றார் அதிகாரி.

"சாக்குல இன்னும் மண்ணு இருக்கு சார். நீங்களும் அண்ணாச்சியும் ஆளுக்கு ஒண்ணு உருட்டிக்கங்க. அதே மண்ணுதான்."

அதிகாரி நியாயமான மனுஷர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சட்டைக் கையை மடக்கினார். அவர் மடக்கியதும் அண்ணாச்சிக்கும் வேறு வழியில்லை. கேடயத்தைத் தரையில் சாய்த்துவிட்டு, வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உருட்டியது ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் அறுந்துபோனது. இன்னொன்று உருட்டினார். அதுவும் அறுந்தது.

"விரலை வச்சு உருட்டாதீக அண்ணாச்சி, உள்ளங்கையை விரிச்சு உருட்டணும்" என்றார் உக்கிரபாண்டி, ரொம்ப மரியாதையாக.

வெளியே பிள்ளைகள் அட்டையை இரு கையாலும் ஏந்தி, தளும்பத் தளும்ப நிரம்பிய செம்பைக் கொண்டுபோகிற மாதிரி வேனில் ஏறினார்கள். மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரிடம் பைரோஜா இரண்டு தடவை சொன்னாள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வேன் கிளம்பும் முன்பே சாய்ந்துவிட்டது. அதைச் செய்த பையன் அது புல் மேய்கிறது என்று பக்கத்தில் இருந்தவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அனுப்பிரியா கடைசியாக வந்தாள். அட்டையில் திரிகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, ஒரு பாய் மட்டும் விரித்திருந்தாள்.

"பாய்தான் மிஸ் முடிஞ்சது. எங்க அம்மா இன்னும் படுக்கல."

பைரோஜா சாக்கிலிருந்து ஒரு கை மண் எடுத்து, ஈரத் துணியில் சுற்றி அவள் பையில் வைத்தாள்.

"வீட்டுல வச்சு மிச்சத்தைச் செய்."

"எங்க அம்மா என்னதுன்னு கேட்டா?"

நீள்வடிவ மண் பண்டம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. திரி என்றும் சொல்ல முடியாது.

"உங்க அம்மாவைத் தொட்டுப் பாக்கச் சொல்லு" என்றாள். "தொட்டா தெரிஞ்சிரும்."

அனுப்பிரியா தலையாட்டிவிட்டு, பாய் சரியாமல் பார்த்துப் படியில் ஏறினாள்.