ஊமை ட்வீட்டர்

மூன்றாவது தடவையாக மாற்றியும் ட்வீட்டர் வாய் திறக்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் சாலிடரிங் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் பரப்பிக் கிடந்த ஆம்ப்ளிஃபயரை முறைத்தார். உதிரிபாகங்கள் அடங்கிய கிட்டாக வாங்கி, ஒரு மாதமாக ஞாயிறுதோறும் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகமாகப் பற்றவைத்தது. பெரிய ஸ்பீக்கர் மேசையே அதிர உறுமியது. மெல்லிய, கூர்மையான ஒலிக்கென்றே இருக்கும் சின்ன ட்வீட்டர் மட்டும் யாரோ திட்டிவிட்டது போல உம்மென்று இருந்தது.

சோதனைக்குச் செல்போனில் ஒரு செயலி வைத்திருந்தார். அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்ட ஒலி மெலிந்து கூர்மையாகும். ஐந்தாயிரத்தில் கேட்டது. ஆறாயிரத்தில் மங்கியது. எட்டாயிரத்தில் துப்புரவாக ஒன்றுமில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தால் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருந்தது.

“நீயும் பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டியா?” என்று மீட்டரைக் கேட்டார்.

போன வாரம் கடைக்காரர் வேறு நக்கலடித்திருந்தார். “மூணாவது ட்வீட்டரா? இதுவும் போச்சுன்னா குத்தம் ட்வீட்டர் மேல இல்லண்ணே, பத்தவச்ச கை மேல.”

அவர் கையைப் பற்றி இப்படிச் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை. காதைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். கம்பெனியில் அவருக்குப் பெயரே பாம்புச்செவி. ஓடுகிற மோட்டார் மேல் இரும்புக் கம்பியின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதோரம் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, “இந்த பேரிங் பத்து நாள் தாங்காது” என்பார். பத்தாம் நாள் அது போயிருக்கும்.

ஒலியளவைக் கடைசி வரை திருகினார். கீழ்வீட்டு நாய் காலையிலிருந்தே ஓயாமல் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு என்ன கேடோ.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு மனைவி உள்ளே வந்தாள். வந்தவள் பையை அப்படியே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வெங்காயம் நாலாபக்கமும் உருண்டது.

“அய்யய்யோ, நிறுத்துங்க அதை! மண்டைக்குள்ள ஊசி இறங்குது!”

“எதை?”

“எதையா? இந்த விசிலை! மாடிப்படி வரைக்கும் கேக்குது. விளையாடுறீங்களா?”

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. “திரும்பி நில்லு. சத்தம் கேக்கும்போது மட்டும் விரலைத் தூக்கு.”

“வந்ததும் வராததுமா எனக்குப் பரீட்சையா?” என்று முணுமுணுத்தபடி சுவரைப் பார்த்து நின்றாள்.

எட்டாயிரம். விரல் எழுந்தது. நிறுத்தினார், இறங்கியது. ஒன்பதாயிரம். எழுந்தது. பத்தாயிரம். எழுந்தது. அவருக்குக் கேட்டதெல்லாம் மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான். ஒருமுறை வேண்டுமென்றே ஒன்றையும் தொடாமல் காத்திருந்தார். விரல் அசையவே இல்லை. மறுபடி எட்டாயிரத்தை ஒலிக்கவிட்டார். விரல் எழுந்தது.

ட்வீட்டரை விட்டுவிட்டுத் தன் காதைத் தொட்டுப் பார்த்தார்.

நேற்று ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் சோதனை. மூன்றாவது மாடிக்காரம்மா வழிமறித்துச் சொன்னார்: “மேல ஏறும்போது கீச்சுன்னு ஒரு சத்தம் வருதுங்க.” இவர் மோட்டார் அறைக்குப் போய்க் கம்பியை வைத்துக் கேட்டார். துளிச் சத்தம் இல்லை. “எலி ஏதாவது இருக்கும்மா” என்று சிரித்துவிட்டு, நல்ல நிலையில் உள்ளது என்று கையெழுத்துப் போட்டார். பேரிங் தேயும்போது முதலில் கீச்சென்றுதான் கத்தும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

“என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?”

அவர் அந்தக் கட்டடத்துக் காவலாளிக்குப் போன் போட்டார்.

“லிஃப்டை உடனே நிறுத்து. உள்ள யாராவது இருக்காங்களா?”

“இல்லண்ணே. நேத்துதானே எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்க?”

“நிறுத்துடா முதல்ல!”

செருப்புச் சத்தம் ஓடுவது கேட்டது. அந்தச் சத்தமாவது கேட்டது. பிறகு, “நிறுத்தியாச்சுண்ணே. மூணாவது மாடியம்மா கேட்டா என்ன சொல்லட்டும்?”

“அவங்க சொன்னதுதான் சரின்னு சொல்லு.”

அடுத்து மேனேஜர். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார். “சத்தம் இருக்கான்னு நீயே போய் இன்னொரு தடவை பாத்துடேன்யா. உன்னை விட்டா யாருக்குக் கேக்கும்?”

“வேற யாரையாவது அனுப்புங்க சார். எனக்குக் கேக்கலை. இனிமே கேக்காது போலிருக்கு.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

மேசை மேல் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. மனைவி சுவிட்சைத் தட்டியிருந்தாள். இவ்வளவு நேரமும் அது கத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.