மூடிய நெருப்பு

சாம்பலை இழுத்து மூடுகிறது அக்காவின் கை, தேங்காய்ச் சிரட்டையால், அவசரமில்லாமல், கடைசியில் ஒரு விரல் போகுமளவு இடைவெளி விட்டு, அது மூச்சு விடட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வெளியே ஆமிக்காரரின் ஜீப் ஒலிபெருக்கி ஆறு மணிக்குக் கேர்ஃபியூ என்று உடைந்த தமிழில் கத்திக்கொண்டு போகிறது, புகையைக் கண்டால் சுடுவாங்கள், தண்ணியை ஊத்தி அணை பிள்ளை என்று அம்மா பதறுகிறாள், சீனி வாங்கச் சைக்கிளில் போன அத்தான் இன்னும் வரவில்லை, வந்தவுடனே மனிசன் தேத்தண்ணி கேக்கும், நீங்கள் பேசாமலிருங்கோ அம்மா என்கிறாள் அக்கா. விடிந்ததும் அந்தச் சாம்பலைக் கிளறினாள், உள்ளே கங்கு சிவப்பாக இருந்தது, அத்தான் வரவில்லை.

அன்றைக்கும் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை, நான் ரொறன்ரோவில் நிற்கிறேன், அக்கா சவப்பெட்டிக்குள் கூறைப்புடவையோடு கிடக்கிறாள், சின்னத்துரை மாமா என் காதருகே குனிந்து, உன்ரை அக்காவுக்குக் குங்குமம் வைக்கிறதோ இல்லையோ, ஐயர் கேக்கிறார் பிள்ளை என்கிறார். முப்பது வருசமாய் வராதவன் இனி எங்கை, ஊர் உலகம் என்ன சொல்லும் என்றும் சொல்கிறார், ஊரும் உலகமும் அத்தானைத் தேடிப் போன நாள் ஒன்றாவது எனக்கு நினைவில்லை, தேடியவள் அக்கா, முகாம் முகாமாக, கையில் அவருடைய கல்யாணப் படத்தோடு, நெற்றியில் பொட்டோடு, அந்தப் பொட்டை அழி என்று சொல்லத்தான் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள், வந்தவர்களுக்கு அவள் அதே அடுப்பில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அந்த அடுப்பை அவள் ஒருநாளும் அணையவிடவில்லை, ஊரே எழும்பி ஓடிய அன்று மழைக்குள் எல்லாரும் வாசலில் நின்று கூப்பிட, உள்ளே போய்ச் சாம்பலை மூடிவிட்டு வந்தாள், பூட்டுப் போட மறந்தவள் அதை மறக்கவில்லை.

இங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பது என் பிழைப்பு, பிணையில் விடுகிறவர்களுக்கு நீதிபதி கேர்ஃபியூ என்பார், நான் ஊரடங்கு என்பேன், அதற்குமேல் அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பேச்சும் கிடையாது, எனக்கு அதைக் கண்ணிலே காட்டக்கூடாது, ஆனாலும் ஒருநாள் மத்தியானம் வேலையில்லாமல் அகராதியைப் புரட்டியபோது அதன் பூர்வீகம் அகப்பட்டது, பழைய பிரெஞ்சில் அது இரண்டு சொல், மூடு, நெருப்பு, அவ்வளவுதான், மாலையில் மணி அடிப்பார்களாம், வீடு பற்றிக்கொள்ளாமல் இருக்க அடுப்பை மூடுவார்களாம், அந்த மணிக்கும் அதே பெயர், அந்த நேரத்துக்கும் அதே பெயர், நெருப்பின்மேல் கவிழ்க்கிற மூடிக்கும் அதே பெயர், பிறகு எப்போதோ அடுப்பு கழன்று விழுந்து கட்டளை மட்டும் மிஞ்சி, ஜீப்பில் ஏறி எங்கள் ஒழுங்கைக்கு வந்திருக்கிறது. வாசித்து முடிக்க எனக்கு அழுகை வந்துவிட்டது, நேரே போய் அக்காவிடம் சொன்னேன், அப்போதே அவளுக்கு என் பெயர் மறந்துபோயிருந்தது, ஆனால் ஆறு மணியானால் யன்னலடியில் வந்து நின்று அவர் வந்திட்டாரோ என்று கேட்பாள், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அணைக்கச் சொல்லேல்லைத்தானே என்றாள், இல்லையக்கா, மூடத்தான் சொன்னவங்கள், பின்னை என்ன என்றாள், வெகுகாலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகம் தெளிந்திருந்தது.

ஐயர் காத்திருக்கிறார், மாமா என்னையே பார்க்கிறார், நான் குங்குமச் சிமிழை வாங்கி நானே வைக்கிறேன், பெரிதாக, அவள் வைக்கிற மாதிரியே. மின்சாரத்தில் எரிப்பார்களாம், ஒரு பொத்தானை அமத்தினால் போதுமாம், அதற்கு முன் வெள்ளைத் துணியை இழுத்து மூடுகிறது என் கை, அவசரமில்லாமல், காலிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து கழுத்துக்கு, முகத்துக்கு, நெற்றிக்குக் கிட்ட வந்து நிற்கிறது, ஒரு விரல் இடைவெளி, உள்ளே சிவப்பாக இருக்கிறது, முழுக்க மூடு பிள்ளை என்கிறார் மாமா, இருக்கட்டும் மாமா, ஆள் இன்னும் வரேல்லை.