பாவாயியின் தலைக்குள் திரும்பிய காந்தம்

மிளகு பறிக்க ஏணியில் ஏறிய பாவாயி, படி ஒடிந்து பாறைமேல் விழுந்தாள். அன்று முழுவதும் முதுகுவலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வலது கால் மரத்துப்போனதும்தான் பயம் வந்தது. கணவன் தனபால் கார் பிடித்து, கொல்லிமலையிலிருந்து இறங்கி, நாமக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனான்.

"முதுகுத்தண்டுல நரம்பு நசுங்குது போல. உடனே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கணும்" என்றார் மருத்துவர்.

ஸ்கேன் அறை வாசலில் டெக்னீஷியன் பிரேம் அவள் காதோரத்தைப் பார்த்ததும் தடுத்தான்.

"தலைக்குள்ள காந்தம் இருக்குதுங்களா அக்கா?"

"இருக்குதுங்க."

மூன்று வருடங்களுக்கு முன் மூளைக்காய்ச்சலில் காது கேட்காமல் போனவள் பாவாயி. இப்போது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், கேட்க உதவும் ஒரு கருவி. அதில் பொத்தான் அளவு காந்தம். வெளியே மாட்டும் மெஷினை அதுதான் பிடித்து வைத்திருந்தது.

"இந்த ஸ்கேனே பெரிய காந்தங்க. உள்ள இருக்கிறதப் பெயர்த்துப் போட்டுரும். ஆபரேஷன் பண்ணி அத எடுத்துட்டுத்தான் வரணும்."

"அதுக்குள்ள கால் போயிருமுங்களே!" என்றான் தனபால்.

பாவாயி பையிலிருந்து கருவியின் விவர அட்டையை எடுத்து நீட்டினாள். "இது புதுக் காந்தமுங்க. டாக்டரம்மாவக் கேளுங்க."

கோவையில் கருவி பொருத்திய மருத்துவர் ராதிகா, பழைய வகை, சோதனையில் இருந்த புதிய வகை, இரண்டையும் காட்டியிருந்தார். "சோதிச்சுப் பாக்க எம் மருமகதான் கெடச்சாளா?" என்று மாமியார் கத்தியது அப்போது பாவாயிக்குக் கேட்கவில்லை. அவள் நோட்டில் எழுதிக் கேட்டாள்: 'ரத்தம் உப்பு. துருப் பிடிக்காதா?' ராதிகா பதில் எழுதினார்: 'டைட்டானியக் கூட்டுக்குள் மூடியிருக்கிறது. உப்புநீரில் வருடக்கணக்கில் ஊறவைத்துப் பார்த்திருக்கிறோம். பெரிய காந்தம் அருகில் வந்தால் இது முரண்டு பிடிக்காது, கூட்டுக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும்.' நான்கு நாள் யோசித்த பிறகே பாவாயி புதிய வகைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

பிரேம் ராதிகாவிடம் போனில் பேசி, அட்டையின் எண்ணையும் ஸ்கேன் இயந்திரத்தின் காந்தத் திறனையும் இருமுறை சரிபார்த்தான்.

"எடுக்கலாங்கறாங்க. ஆனா இப்படி ஒருத்தருக்கு நான் எடுத்ததே இல்லீங்க அக்கா."

"நானும் இதுக்குள்ள படுத்ததில்ல சாமி. வா, பாத்துருவோம்."

வெளி மெஷினைக் கழற்றியதும் உலகம் அடங்கியது. பலகை உள்ளே நகர்ந்தது. காதுக்குப் பின்னால் ஏதோ மெல்ல உருண்டது. வலிக்காகக் காத்திருந்தாள். வலி வரவில்லை. உதவிக்கு அழுத்தச் சொல்லிக் கொடுத்திருந்த ரப்பர் பந்து கடைசிவரை அவள் கையில் சும்மாவே கிடந்தது.

வெளியே வந்து மெஷினை வைத்தாள். கச்சிதமாக ஒட்டியது.

"அக்கா! கேக்குதுங்களா?"

"கத்தாத கண்ணு, நல்லாவே கேக்குது."

தனபால் அழுதுகொண்டே சிரித்தான். படம் தெளிவாக வந்திருந்தது: முதுகெலும்புகளுக்கு இடையிலிருந்து விலகி நரம்பை அழுத்திய தட்டு. அன்று மாலையே அறுவை சிகிச்சை. மூன்றாம் நாள் பாவாயி வலது காலை ஊன்றி வராந்தா முழுக்க நடந்தாள்.

ராதிகா போன் செய்தார். "உங்க ஸ்கேன் விவரத்த இந்தப் புதுக் காந்தத்தப் பத்தின எங்க அறிக்கையில சேக்கறோம் பாவாயி. நிறையப் பேருக்குத் தைரியம் வரும். பேரு மட்டும் போட மாட்டோம்."

"ஏனுங்க டாக்டர், தாராளமாப் போடுங்க! எங்க ஊரு ஆலத்தூர் நாடு, கொல்லிமலைன்னும் சேத்துப் போடுங்க."