சரியா யோசிக்கிறீங்களோ?

"மார்ட்டின் ஆம்பிளைப் பேரெல்லோ? நான் ஏன் மார்ட்டின் ஆகவேணும்?" என்றாள் வதனி, தையல் மெசினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அது குடும்பப் பேர் மச்சாள். பிரெஞ்சிலை மடம் மார்த்தாங். வேலை போயிட்டுது, நித்திரை இல்லை. நாளைக்குச் சோதனையிலை இப்பிடி ஒரு நடிகை நோயாளி மாதிரி வந்து இருப்பா. நான் கேள்வி கேட்டு வருத்தத்தைக் கண்டுபிடிக்கவேணும். இண்டைக்கு நீங்கள்தான் அவ. அவவின்ரை விபரம் எழுதின இந்தக் கார்ட்டை ஒருக்கால் வாசியுங்கோவன்."

"வேலை போச்சுது எண்டு என்ரை வாயாலை சொல்லமாட்டன். கடைக்கு ஆகாது."

நிரோஜினி கண்ணை மூடித் திறந்தாள். மனநோய் ஆஸ்பத்திரியில் பல வருடம் தாதியாக இருந்தவள், நோயாளிகளைத் தானே பரிசோதித்து மருந்தையும் மாற்றக்கூடிய உயர்நிலைத் தாதியாக வரவேண்டும் என்று படித்தாள். எழுத்துச் சோதனை எல்லாம் பாஸ். இந்த நேர்முகச் சோதனை மட்டும் ஒருமுறை தவறிவிட்டது. நாளையும் தவறினால் வருடம் முழுவதையும் திருப்பிப் படிக்கவேண்டும். படிக்க இனி லீவு இல்லை என்று பொறுப்பாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கணவன் கோகிலன் விமான நிலையத்தில் வேலையில் நின்றான். மகளிடம் கேட்டால் பிரெஞ்சில் சிரிப்பாள். மிச்சம் இருந்தது ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் கோகிலனின் தமக்கை வதனிதான்.

"போனமுறை ஏன் பெயில் விட்டனீர்? கோகிலன் ஏதோ யோசினைப் பிரச்சினை எண்டான்."

"அந்த நடிகையிட்டை 'சரியா யோசிக்கிறீங்களோ' எண்டு பிரெஞ்சிலை கேட்டுப்போட்டன்."

"அதிலை என்ன பிழை? நல்ல கேள்விதானே."

"எங்களுக்கு நல்ல கேள்வி. சரியா யோசிக்கிறது எண்டால் எங்களுக்கு நிறையக் கவலைப்படுறது. அவைக்கு அது மூளையைப் பாவிக்கிறது. அவ நிமிந்து இருந்து, 'ஓம், நான் கணக்கு ரீச்சர், யோசிக்காமல் என்னெண்டு' எண்டிட்டா. மார்க்ஸ் போடுறவையும் சிரிச்சுப்போட்டினம்."

வதனியும் சிரித்தாள். நிரோஜினிக்குச் சிரிப்பு வரவில்லை.

"சாகிற எண்ணம் வருதோ எண்டு நேரை கேட்டிருக்கவேணும். அதைக் கேளாமல் விட்டால் மற்றதெல்லாம் சரியாயிருந்தும் பெயில்தான். வார்டிலை அதை டொக்டர் கேட்டிடுவார். எனக்கு வாய் வருகுதில்லை."

"சூ!" வதனி மெசினை நிறுத்தினாள். "வெள்ளிக்கிழமை! விளக்கெரியிற கடைக்குள்ளை நிண்டு என்ன கதை இது?"

நூல் தட்டுக்கு மேலே பிள்ளையார் படத்தின் முன் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சரி, துவங்குவம். வணக்கம் மடம், எப்பிடி இருக்கிறீங்கள்?"

"நல்லா இருக்கிறன்."

"நீங்கள் நல்லா இருக்கக்கூடாது மச்சாள்!"

"ஏன், என்னை வருத்தக்காரியாக்கிப் பாக்க ஆசையோ?"

"நித்திரை வருதோ?"

"கட்டிலிலை விழுந்தால் விடியத்தான் முழிப்பு."

"பசி?"

"மத்தியானம் கொத்துரொட்டி. கொஞ்சம் உறைப்புக் கூடிப்போச்சு."

"ஐயோ, எனக்கு விசர் வரப்போகுது!"

"வரட்டும். உம்மடை ஆஸ்பத்திரியிலையே கட்டில் எடுக்கலாம்."

மூலையில், பிளாஸ்ரிக் கதிரையில், இம்மாகுலேற் சிரித்தாள். உணவகம் ஒன்றில் சமையலுக்கு உதவியாக வேலை செய்கிறவள். போன வருடம் தைத்த சாறிச்சட்டை தொளதொளத்துப் போனதால் மறுபடியும் ஒடுக்கக் கொண்டுவந்திருந்தாள்.

"நான் நடிக்கட்டோ பிள்ளை? நான் வேதக்காரி. உங்கடை வெள்ளி எனக்கில்லை."

"உங்களுக்கும் வெள்ளியிலை மச்சம் சாப்பிடக்கூடாதெல்லோ?" என்றாள் வதனி.

"கதைக்கிறது மச்சமில்லைத்தானே."

நிரோஜினி அவள் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள். "நித்திரை எப்பிடி அக்கா?"

"விடியப்புறம் முழிச்சிடுவன். பேந்து வராது."

"சாப்பாடு?"

"ஊருக்கெல்லாம் சமைக்கிறன். எனக்கு வாயிலை வைக்கேலாமல் கிடக்கு."

"பாருங்கோ மச்சாள்! நடிப்பெண்டால் இது!"

"உப்பிடி நடிக்க எனக்கும் தெரியும்," என்று வதனி ஊசியைப் பல்லில் கடித்தபடி சொன்னாள்.

அடுத்த கேள்வி நிரோஜினியின் தொண்டைவரை வந்து, வழுக்கி, பழைய இடத்திலேயே போய் விழுந்தது. "சரியா... யோசிக்கிறீங்களோ?"

"ஓம். சரியா யோசிக்கிறன்."

"யோசிக்காதையும் இம்மாகுலேற்," என்றாள் வதனி, பழக்க தோசத்தில்.

"பாத்தீங்களோ!" நிரோஜினி எழும்பிவிட்டாள். "அவ யோசிக்கிறன் எண்டுவா, நாங்கள் யோசிக்காதையும் எண்டுவம், அதோடை கதை முடிஞ்சுது! எனக்கும் அதுதான் நடக்குது. உங்களோடை சேந்து நானும் பெயில்!" அதே கோபத்தோடு இம்மாகுலேற்றின் பக்கம் திரும்பினாள். "அக்கா, செத்துப்போகவேணும் எண்டு நினைக்கிறனீங்களோ?"

வதனியின் வாயிலிருந்த ஊசி விழுந்தது.

இம்மாகுலேற் கைப்பையின் கொளுக்கியைப் பூட்டினாள், திறந்தாள். "ஓம்," என்றாள்.

"நல்லாச் செய்யிறீங்கள் அக்கா. ஆனால் கார்ட்டிலை அந்த எண்ணம் இல்லை எண்டுதான் போட்டிருக்கு."

"எந்தக் கார்ட்?"

கார்ட் வதனியின் மேசையில், வெட்டின துணிக்கடியில் கிடந்தது. இம்மாகுலேற் அதைத் தொடவேயில்லை.

மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும் சத்தம் கேட்டு அடங்கியது. நிரோஜினி மெல்ல இருந்தாள்.

"எப்ப துடக்கம் அக்கா?"

"மாரி துடக்கம். வரும், போகும். ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

"இஞ்சை வந்து வந்து இருந்தனீரே, எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமெல்லோ?" வதனியின் குரல் உடைந்தது.

"சரியா யோசிக்கிறன் எண்டு சொன்னனான். யோசிக்காதையும் எண்டனீர். சட்டையை வாங்கிக்கொண்டு போட்டன்."

வதனி கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். "ஒடுக்கி ஒடுக்கித் தந்தனான், மடைச்சி," என்றாள். திட்டியது தன்னைத்தான்.

"இண்டைக்கும் அந்த எண்ணம் வந்ததோ?" நிரோஜினி கேட்டாள். குரல் தடக்கவில்லை.

"காலமை கொஞ்சம்."

"வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை."

"அப்ப இண்டைக்குத் தனிய விடமாட்டன். நான் கேக்கிறதுக்கெல்லாம் சொல்லுங்கோ. பேந்து ரெண்டுபேருமாய் எங்கடை டொக்டரிட்டைப் போவம்."

"உமக்கு நாளைக்குச் சோதனையெல்லோ பிள்ளை?"

"அது நாளைக்குத்தானே."

வதனி எழும்பினாள். விளக்கை அணைக்கப்போகிறாளாக்கும் என்று நிரோஜினி நினைத்தாள். அவள் அதற்கு எண்ணெய் விட்டுவிட்டு, வாசலுக்குப் போய் இரும்புக் கதவைப் பாதிவரை கீழே இழுத்தாள். வெளியே யாரோ குனிந்து பார்த்தார்கள்.

"அக்கா, சட்டை! நாளைக்குக் கலியாணம்!"

"நாளைக்குத்தானே, விடிய வாரும்."

"கைமட்டும் ஒருக்கால் பாத்து..."

"பெர்மே எண்டால் விளங்காதோ? பூட்டியாச்சு!" என்று கத்திய வதனி, மிச்சக் கதவையும் இழுத்து விழுத்தினாள்.