இரண்டு சிலிங்கு

மண்டி முதலாளி துரைக்கண்ணுவின் லாரி செஞ்சிக் கோட்டை அகழிப் பக்கம் சரிந்து கிடக்கிறது என்று ஆள் வந்து சொன்னபோது மீனம்பாள் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் இளையபெருமாள் எழுந்திருக்காமலே கேட்டான்.

“இன்னா லோடு?”

“மல்லாட்டை. எண்பது மூட்டை. மொதலாளி கையோட இட்டாரச் சொன்னாரு.” வேர்க்கடலையை அந்த ஊரில் மல்லாட்டை என்பார்கள்.

இளையபெருமாள் மெட்ராஸ் துறைமுகத்தில் ஒன்பது வருஷம் கப்பல் சரக்குக்கு வடம் மாட்டியவன். செஞ்சிக்குத் திரும்பிய பிறகு, சேற்றில் இறங்கிய லாரி, கிணற்றில் விழுந்த ஆயில் இஞ்சின் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய்த் தூக்கிக் கொடுத்தான். பாரத்தைத் தொங்கவிட ஆளுயரத்துக்கு மேலான ஒரு இரும்பு முக்காலி, அதில் மாட்டிச் சங்கிலியை இழுத்தால் பாரம் உயர்கிற ஒரு செயின் பிளாக், சில வடங்கள், இவ்வளவுதான் அவன் சாமான். இரண்டு முனையிலும் கண் பின்னிய கம்பிவடத்துக்குத் துறைமுகத்தில் ஸ்லிங் என்று பேர். அவன் வாயில் அது சிலிங்கு.

மீனம்பாளின் வேலை அடியில். வண்டி சாண் சாணாக உயர, கீழே புகுந்து மரக்கட்டைகளை அடுக்குவாள். ஒல்லி உடம்பு, எந்தச் சந்திலும் நுழையும். பொம்பளைக்கு இது இன்னா வேலை என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை.

அது அறுபத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி. திருவண்ணாமலை ரோடு கோட்டை மதிலைத் துளைத்துக்கொண்டு போகிற இடத்தில், மழையில் கரை சரிந்து லாரியின் பின் இடது சக்கரம் கீழே இறங்கியிருந்தது. துரைக்கண்ணு குடையைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான். டிரைவர் ராஜாராம் மதில் கல்லில் குந்தியிருந்தான். யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை.

துரைக்கண்ணு இளையபெருமாளைப் புளியமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஏதோ சொன்னான். மீனம்பாளின் காதில் விழவில்லை. திரும்பி வந்தவனை அவள் கேட்டாள்.

“மூட்டைய எறக்கலியா?”

“வாணாமாம். ஈரத்துல வச்சா மல்லாட்டை பூசணம் புடிச்சிடும்ங்கிறாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“சரின்னேன்.”

அந்தச் ‘சரி’ அவளுக்கு நெருடியது. ஒரு சாமான் என்ன எடை என்று மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, மூன்றையும் நம்பாமல் தானே போய்த் தட்டிப் பார்க்கிற ஆள் அவன். இன்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டான்.

அவன் கோணியை விரித்து வடங்களைப் பரப்பினான். அவள் வழக்கத்துக்கு மேல் உற்றுப் பார்த்தாள். மணிலாக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து ஒதுக்கினான். நனைந்திருந்தது. அது இழுக்க ஆகும், தூக்க ஆகாது. பாரம் கட்டும் சங்கிலியையும் தள்ளினான். சங்கிலி ஊமை, சொல்லாமல் அறும் என்பான். கம்பிவடம் இழை இழையாக அறும், காதுள்ளவன் தப்பித்துக்கொள்ளலாம். மெல்லிய சிலிங்கை எடுத்து, பழைய வேட்டித் துணியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருவினான். எங்காவது ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால் துணி மாட்டும். மாட்டவில்லை. எண்பது மூட்டை வேர்க்கடலைக்கு அந்த ஒன்று போதும், அவளே எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். ஆனாலும் அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, தடித்த சிலிங்கு இரண்டையும் எடுத்தான்.

இரண்டையும் சேர்த்து அவன் மாட்டியது ஒரே ஒரு தடவை, மேல்சித்தாமூரில் ஒரு கல் செக்கைத் தூக்கியபோது.

“ரெண்டு எதுக்கு?”

“மழை” என்றான். அச்சின் கீழே வடத்தைக் கொடுத்து, கூர்மையான இடங்களில் கோணிச்சாக்கு மடித்து வைத்தான். இரண்டு வடமும் அதிகம் விரியாமல் நேராக மேலே வந்து செயின் பிளாக்கின் கொக்கியில் சேருகிற மாதிரி முக்காலியை நகர்த்தி நகர்த்தி வைத்தான். மழைக்கும் சிலிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

முதல் கட்டைகளோடு அடியில் ஊர்ந்து போனாள். இளையபெருமாள் செயினை இழுத்தான். வடம் முறுக்கேறியது, லாரியின் பலகைகள் முனகின. அவள் பிடரியில் என்னவோ உதிர்ந்தது. எறும்பு என்று நினைத்துத் துடைத்தாள். மறுபடியும் உதிர்ந்தது. பலகை இடுக்கிலிருந்து ஒரு நூல் மாதிரி இறங்கியதைக் கையில் பிடித்து வாயில் போட்டுக் கடித்தாள்.

புழுங்கலரிசி.

மேல்சித்தாமூர் ஜெயமாலா அம்மாள் வீட்டுக் களத்தில் ஆறு வருஷம் கடலை உடைத்தவள் அவள். கடலை மூட்டையை ஒற்றை ஆளாகத் தலையில் தூக்கிப் போவாள். அரிசி மூட்டைக்கு இரண்டு ஆண்பிள்ளை வேண்டும். மேலே பேருக்குக் கடலை, கீழே அரிசி. ஊரில் ரேஷன் கடை வாசலில் விடியுமுன் ஜனம் வரிசை கட்டுகிறது. ஜில்லா தாண்டி அரிசி போக பர்மிட்டு வேண்டும். அது இல்லாததால்தான் இந்த வேஷம். அதனால்தான் மூட்டையை இறக்கவும் விடவில்லை.

அந்தப் பாரத்தின் கீழே மல்லாந்து கிடந்தபடி அவள் நினைத்தது துரைக்கண்ணுவைப் பற்றியல்ல. இரண்டு சிலிங்கைப் பற்றி.

கட்டையை வைக்காமலே ஊர்ந்து வெளியே வந்து, புருஷன் முன்னால் கையை விரித்தாள். அவன் அரிசியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“ஒனக்குத் தெரியும்” என்றாள்.

“தெரியாது.”

“ஏன்யா, தெரியாமலா ரெண்டு மாட்டுன?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “சந்தேகம் இருந்துது. லாரி ஸ்பிரிங் பட்டை அமுங்கியிருந்த தினுசு மல்லாட்டை மாதிரி இல்ல. ரெண்டு போட்டா தாங்கும்னு நெனச்சேன்.”

“என்னைக் கீழ அனுப்பிட்டு நெனச்சியா?”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் சேர்ந்து குடித்தனம் பண்ணின முகம் அது. அதில் எது பொய், எது பயம் என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

“செயினக் கொடு. நான் இழுக்கறேன். நீ போ கீழ.”

அவன் சங்கிலியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தான். தோள்வரை உள்ளே போனான். அங்கிருந்து தன் கையால் மாட்டிய வடத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு பின்னால் நகர்ந்து வெளியே வந்து துரைக்கண்ணுவிடம் சொன்னான்.

“மூட்டைய எறக்குங்க மொதலாளி. எறக்குனாத்தான் தூக்குவேன்.”

துரைக்கண்ணுவின் கண் சுருங்கியது. “எவன் சொல்லி அனுப்புனான் ஒங்கள? தாலுக்கா ஆபீசுலேர்ந்தா?”

“நீங்கதான ஆள் அனுப்புனீங்க.”

“தள்றா அப்பால.” துரைக்கண்ணு குடையை எறிந்துவிட்டு, ராஜாராமைக் கூப்பிட்டு, மீனம்பாளின் கையிலிருந்து சங்கிலியைப் பிடுங்கினான். இளையபெருமாள் தடுக்கவில்லை. பெண்டாட்டியின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றான்.

இரண்டு பேரும் தம் பிடித்து இழுத்தார்கள். லாரியின் பின்பக்கம் ஒரு முழம் எழும்பியது. வடம் ஒரு இழைகூடத் தெறிக்கவில்லை. துரைக்கண்ணு வெற்றிபெற்றவன் மாதிரி இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்போது முக்காலியின் ஒரு கால், அடியில் கொடுத்திருந்த பலகையோடு சேர்ந்து, அகழி மண்ணில் மெதுவாக இறங்க ஆரம்பித்தது.

ராஜாராம் முதலாளியைக் கட்டிப்பிடித்து ரோட்டுப் பக்கம் உருண்டான். முக்காலி சாய, லாரி மடேரென்று விழுந்தது. மீனம்பாள் மல்லாந்து கிடந்த இடத்தில் இப்போது அச்சு புதைந்திருந்தது. பக்கப் பலகை பிளந்து மூட்டைகள் சேற்றில் சரிந்தன. கிழிந்த கோணிகளிலிருந்து அரிசி கொட்டிக்கொண்டே இருந்தது.

பின்னால் நின்றிருந்த திருவண்ணாமலை பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கி வந்தார்கள். ஒருத்தி முதலில் குனிந்து, சேறு படாத அரிசியை மடியில் அள்ளினாள். பிறகு எல்லோரும் குனிந்தார்கள். துரைக்கண்ணு ராஜாராமிடம் “பாத்துக்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஊர்ப்பக்கம் நடந்தான். திரும்பி வரவில்லை.

உச்சிப்பொழுதில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். கீழே கிடந்த வடங்களைப் பார்த்துவிட்டு இளையபெருமாளிடம் கேட்டார்.

“அரிசின்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?”

அவன் வாயைத் திறக்குமுன் மீனம்பாள் சொன்னாள். “அடியில பூந்தப்ப நான்தாங்க பாத்தேன். நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. எழுதிக்கொண்டு, கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

கைவண்டியில் சாமான்களை ஏற்றிப் பெரிய கடைத்தெரு வரை இருவரும் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே அவள் வண்டியை நிறுத்தினாள்.

“அது ஆபீசருக்குச் சொன்னது. எனக்கு நீ சொல்லு. மரத்துப் பக்கம் அந்தாளு இன்னா சொன்னான்?”

“லோடப் பத்தி ஜாஸ்தி கேக்காத, கேட்டா வேற ஆளு இருக்குதுன்னாரு.” அவன் வண்டிக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “கேக்காம இருந்துட்டேன்.”

“சிலிங்கு தாங்கிச்சு” என்றாள் அவள்.

“ஆமாம்.”

“மண்ணு தாங்கல.”

அவன் தலையாட்டினான். அவள் வண்டியைத் தள்ளினாள்.

எட்டாம் நாள் சீயமங்கலத்திலிருந்து ஒரு ஆள் வந்தான். ஏரி மதகில் டிராக்டர் இறங்கிவிட்டதாம். மீனம்பாள்தான் வாசலுக்குப் போய் எடையைக் கேட்டாள். அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, நேரில் போய் டிராக்டரையும் டிரெய்லரையும் சுற்றிப் பார்த்தாள். முக்காலி நிற்கப்போகிற இடத்தைக் கடப்பாரையால் மூன்று பக்கமும் குத்திப் பார்த்தாள். அதன் பிறகே, எந்த வடம் என்று புருஷனைக் கேட்டாள். அவன் எடுத்துக் காட்டியதைத் தானும் ஒரு தரம் துணியால் உருவிப் பார்த்தாள்.

யாரும் சொல்லாமலே இளையபெருமாள் கட்டைகளை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தான். அவன் அகல உடம்புக்கு அந்தச் சந்து போதவில்லை. முதுகு சிராய்த்தது, இரண்டு தரம் மாட்டிக்கொண்டான்.

“இழுக்கட்டா?” என்றாள்.

“இரு” என்றான் உள்ளேயிருந்து.

அவள் சங்கிலியைப் பிடித்தபடி, அவன் சொல்லும்வரை நின்றாள்.