வசந்தகுமாரியின் இரண்டு கடைவாய்ப் பற்கள்

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களாகப் பிறகு கண்டுபிடித்தால் இன்னும் கேவலம்.

ஏப்ரலில் கோட்-தெ-நேஜ் பக்கம் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் வாயைப் பிளந்தபடி கிடந்தேன். கீழுதடு மரத்திருந்தது, கன்னத்துக்குள் பஞ்சு. நான் இவ்வளவு நேரம் பேசாமலிருந்து மொன்றியல் தமிழர் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்து நாற்காலிக்கும் எனக்கும் நடுவே தோளுயரத் தடுப்பு ஒன்று மட்டும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“அறுத்தா அந்தக் கணக்குல இருந்து குடுப்பாங்களாம். அடைச்சா குடுக்க மாட்டாங்களாம். அதுக்காகக் காப்பாத்தக்கூடிய பல்லைப் போய் அறுக்கணுமா?”

குரல் தெரிந்த குரல். வசந்தகுமாரி அக்கா. எங்கள் தமிழ் மன்றத் தலைவர் சண்முகவேலின் மனைவி.

2

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

“மனித வாழ்வில் பற்களின் பங்கு அளப்பரியது. பண்டைக் காலந்தொட்டே நம் முன்னோர் முத்தென்றும் முல்லையென்றும்”

நிறுத்திவிட்டேன். இது சண்முகவேல் மேடையில் பேசுகிற தமிழ். இரண்டே வரியில் எனக்குத் தொற்றிவிட்டது. அவர் நன்றியுரையைத் தொடங்கினால் பின்வரிசையில் இருப்பவர்கள் கார் எடுத்து, டோர்வல் விமான நிலையத்தில் விருந்தாளியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தும் கைதட்டலாம்.

இரண்டாவது தொடக்கம்: “கர்க்லாண்டில் ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் வாழ்ந்து வந்தார்கள்.” இதில் பொய் எதுவுமில்லை. அதனால்தான் அடுத்த வரி வரவில்லை.

சரி, தொடக்கம் வேண்டாம். விஷயத்தைச் சொல்கிறேன்.

3

சண்முகவேல் கனடாவுக்கு வருமுன் பதினோரு வருடங்கள் சிங்கப்பூரில் பொறியாளராக இருந்தார். அங்கே சம்பளத்தில் ஒரு பகுதியை மருத்துவச் செலவுக்கென்று பிடித்து அவரவர் பெயரிலேயே சேமித்து வைப்பார்கள்.* இருபத்திரண்டு வருடங்களாக அந்தப் பணம் அவர் பெயரில் வட்டியோடு தூங்குகிறது. மனைவியின் சிகிச்சைக்கும் அதை எடுக்கலாம். பல்லுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: அறுவைச் சிகிச்சையாக இருக்க வேண்டும்.

வசந்தகுமாரி அக்காவுக்குக் கீழ்த்தாடை வலப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்களில் வலி. ரூட் கெனால் செய்து மூடிவிடலாம் என்கிறார் இங்குள்ள மருத்துவர். கையிலிருந்து கட்ட வேண்டும். கனடாவின் புதிய பல் திட்டத்துக்கு அவர்கள் வருமானம் கொஞ்சம் அதிகம். சண்முகவேல் இதைச் சொல்லும்போது வருத்தப்படுகிறவர் மாதிரி தெரியாது.

ஆகஸ்டில் கோயம்புத்தூரில் அவர் தம்பி மகள் மாளவிகாவுக்குக் கல்யாணம். அதற்கான பயணச்சீட்டை அவர் சிங்கப்பூர் வழியாக எடுத்தார். நடுவில் நான்கு நாள் தங்கல். இரண்டு பற்களையும் பிடுங்கி, எலும்பில் செயற்கைப் பல்லுக்குத் திருகாணி வைத்து, வீங்கிய கன்னத்தோடு அக்கா கல்யாணப் படங்களில் நிற்க வேண்டும். செலவெல்லாம் கணக்கிலிருந்து. தலைவரின் மொழியில் இதற்குப் பெயர் திட்டமிடல்.

* மெடிசேவ். அந்த ஊரார் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். பல்லை வெள்ளையாக்கியே எல்லோரும் கணக்கைக் காலி செய்துவிடக் கூடாதல்லவா. விதியில் எனக்குக் குறையில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தன் மனைவியின் வாயைப் பார்க்கிற பார்வையில்தான் குறை.

4

நான் சந்தேகப் பிராணி. ஒட்டுக்கேட்டதை அப்படியே நம்பினால் அதுவும் தவறு. எனவே குணேஸ்வரியிடம் போனேன். அந்த நிலையத்தில் உதவியாளர். அன்று என் வாயில் பஞ்சு வைத்தவர்.

“அண்ணை, வாற ஆக்களின்ர விசயம் நான் வெளியில கதைக்கிறேல்லை,” என்றார் குணேஸ்வரி.

கதைக்காகக் கேட்கிறேன் என்றேன்.

“கதையெண்டா வேற.” மெட்ரோ வாசலில் காப்பிக் கோப்பையை மூடிக்கொண்டார். “ஒரு மனுசியெண்டு வைப்பம். ரெண்டு பல்லு. வேர் நல்லாயிருக்கு. அடைச்சு மூடினா இன்னும் பதினைஞ்சு வருசம் முறுக்குக் கடிக்கலாம். சிங்கப்பூர் டொக்டர் வாட்ஸப்பில வந்த ஒரு எக்ஸ்ரேயைப் பாத்திட்டுக் கழட்டச் சொல்லிப்போட்டார். வாயைப் பாக்கேல்லை அண்ணை. படத்தைத்தான் பாத்தவர்.”

அந்த மருத்துவரைச் சந்தேகிப்பதா? முதலில் அப்படித்தான் எழுதினேன். தங்க முலாம் பூசிய கடிகாரம், மெல்லிய சிரிப்பு என்று ஒரு வில்லன் வேஷம் தைத்தும் கொடுத்தேன். பிறகு தெரிந்தது, சண்முகவேல் அவரிடம் கேட்ட கேள்வியே “கணக்கிலிருந்து கட்டும்படி என்ன செய்யலாம்?” என்பதுதான். கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறது. கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டேன்.

அதே எக்ஸ்ரேயைத் தலைவர் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போட்டிருக்கிறார். நாற்பத்து மூன்று பேர். அக்காவின் தாடையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு துபாயில் பாலம் கட்டுகிற மைத்துனர் “எலும்பு ஸ்ட்ராங்” என்று எழுதினார். பதினேழு கட்டைவிரல்கள். ஒரு சித்தப்பா கூப்பிய கைகள் இரண்டை அனுப்பினார். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் அனுப்புவார். ஒருவரும் அக்காவைக் கேட்கவில்லை. அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

5

இங்கே கதை நின்றுவிட்டது. கதாபாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. சண்முகவேல் கஞ்சன் அல்ல. மன்றத்து ஆண்டு விழாவுக்குச் சொந்தக் காசில் பந்தி வைத்தவர். பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்?

மூன்று மாலைகள் உட்கார்ந்து சேமிப்பு விதிகளைப் படித்தேன். நையாண்டி எழுதுகிறவனுக்கு இது தண்டனை. மூன்றாம் மாலை ஒன்று கிடைத்தது. சிங்கப்பூரைவிட்டு ஒரேயடியாக வந்துவிட்ட வெளிநாட்டவர் கணக்கை மூடி முழுப் பணத்தையும் கையில் வாங்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். வேலைக்கோ குடியிருக்கவோ இனி அங்கே திரும்பும் எண்ணமில்லை என்று உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். பணம் வந்தால் இங்கேயே ரூட் கெனால் செய்யலாம். பல் இரண்டும் பிழைக்கும்.

மன்றக் கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கும்போது தலைவரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். அவருக்கு அந்த விதி தெரிந்திருந்தது. பல வருடங்களாகவே.

“அது சேமிப்பு தம்பி,” என்றார். “சேமிப்பைக் கலைக்கக்கூடாது.” நாற்காலியை மடக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “அங்க நான் மிஸ்டர் ஷான். பதினாலாவது மாடி. என் கையெழுத்து இல்லாம ஒரு தூண் எழும்பாது.”

சிங்கப்பூரில் வேறொரு பெண் இருக்கிறாள் என்று இந்த இடத்தில் எழுதி வைத்திருந்தேன். (பெயர்கூட வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, சொல்ல மாட்டேன்.) அடித்துவிட்டேன். அங்கே பெண்ணெல்லாம் இல்லை. இருப்பவர் மிஸ்டர் ஷான். இங்கே பொறியாளர் உரிமத்துக்கான பிரெஞ்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, துறைமுகத்தை ஒட்டிய கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்த்து ஓய்வுபெற்றவர் சண்முகவேல். அழைப்பிதழ்களில் மட்டும் பொறியாளர். அந்தக் கணக்கு திறந்திருக்கும்வரை மிஸ்டர் ஷான் எந்நேரமும் திரும்பிப் போகலாம்.

அறுபத்தாறு வயதில் எங்கே போவது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

6

இப்போது என் குற்றம். உயிரோடு இருக்கிறவர்களை எழுதினால் அனுமதி வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு பெருந்தன்மை வந்தது. (பெருந்தன்மை என்றால் கவனமாக இருங்கள்.) ஒன்று முதல் ஐந்து வரை அக்காவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். நீங்கள் படித்தது எதுவோ அதையே அவரும் படித்தார்.

கணக்கை மூடலாம் என்பது அவருக்குத் தெரியாது. அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், வேறெதற்கும் எடுக்க முடியாது என்று கணவர் சொல்லி இருபத்திரண்டு வருடங்கள் நம்பியிருக்கிறார்.

என் திட்டத்தில் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

முடிவு அ: சிங்கப்பூர். நாற்காலி. ஒப்புதல் தாளில் அக்கா கையெழுத்திடுகிறார். கல்யாணப் படங்களில் வாயை மூடிச் சிரிக்கிறார். எல்லோரும் அடக்கமான பெண்மணி என்கி

முடிவு ஆ: விமான நிலையத்தில் பெட்டியை விட்டுவிட்டு அக்கா டாக்சியில் ஏறி வீடு திரும்புகிறார். புரட்சி. கைதட்டல். அந்தப் பெட்டிக்குள் மாளவிகாவின் கல்யாணச் சேலை இருக்கிறதே என்று எனக்கே தோன்றியதால் இதுவும்

7

நேற்றுப் பிற்பகல் அக்கா தொலைபேசியில் அழைத்தார். விமானம் வெள்ளிக்கிழமை. திட்டுவார் என்று நினைத்தேன். என்ன முடிவு வைத்திருக்கிறேன் என்று கேட்டார். இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

“ரெண்டுமே நல்லால்ல தம்பி,” என்றார். “ரெண்டுலயும் அவருக்கு ஒரு வேலையும் இல்ல. எல்லாம் நானே பண்றேன்.”

அது உண்மைதான்.

பிறகு தன் முடிவைச் சொன்னார். அன்று காலை லைப்ரரிக்குப் போய் இரண்டு தாள்களை அச்செடுத்து வந்திருக்கிறார். ஒன்று, பற்களைப் பிடுங்க அக்கா கொடுக்க வேண்டிய ஒப்புதல். மற்றது, கணவர் கையெழுத்திட வேண்டிய, கணக்கை மூடும் விண்ணப்பம். சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கணவரிடம் பேசியிருக்கிறார். அதை என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னார், குரலை உயர்த்தாமல்.

“ஏங்க, இதுல ஏதாவது ஒண்ணுதான். நீங்க அதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா நான் இதுல போட வேண்டாம். நீங்க போடலன்னா நான் போட்டுர்றேன். சண்டையெல்லாம் இல்ல. ஆனா எதுக்காகப் புடுங்குறாங்கன்னு தெரிஞ்சுதான் வாயைத் திறப்பேன்.”

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“தாளை எடுத்துப் பாத்தாரு. எழுத்து பொடியா இருக்கு, கண்ணாடி எங்கன்னாரு. ஒரு மணி நேரமா தேடுறாரு. இப்ப மாடியில டிராயரை இழுக்குற சத்தம் கேக்குது.”

எனக்கும் கேட்டது. மரம் மரத்தில் உரசுகிற சத்தம்.

தப்பிக்கப் பார்க்கிறார் என்றேன். என் தொழில் அப்படி.

“இல்ல தம்பி, நெசமாத்தான் தேடுறாரு. கண்ணாடி என் மடியில இருக்கு. தாளை வைக்கும்போதே எடுத்துட்டேன்.” பின்பு, “குடுத்துட்டா தெரிஞ்சுடும்ல. இருபத்திரண்டு வருஷம் இங்க எங்கூடத்தான் இருந்தாரா இல்லையான்னு. இத்தன வயசுக்கு மேல எனக்கு அது தெரியணுமா?”

நான் வாயைத் திறந்தேன். மரப்பு ஊசி எதுவும் போட்டிருக்கவில்லை.

மாடிப்படியில் காலடி கேட்டது. அவர் இறங்கி வருகிறார். “வசந்தா, நீ பாத்தியா?”

“சொல்லுங்க தம்பி,” என்றார் அக்கா என்னிடம், மெதுவாக. “நீங்கதானே எழுதுறீங்க. குடுக்கவா?”

எழுதுகிறவன் நான்தான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் போதவில்லை. இவ்வளவு தூரம் என்னோடு சேர்ந்து ஒட்டுக்கேட்டீர்கள். அவர் கடைசிப் படியில் நிற்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.